"சாவோம், படையில் சேர மாட்டோம்": ஹரேதி யூதர்களின் மறுப்புக்குப் பின்னால் நிற்கும் ரபிகள்

ஜெருசலேமிலும், டெல் அவீவை ஒட்டியிருக்கும் ப்னேய் ப்ராக் நகரிலும் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக இளைஞர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். "சாவோம், படையில் சேர மாட்டோம்" என்பது கோஷம். குதிரைப் போலீஸ் வருகிறது, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் இன்னொரு சந்திப்பில் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். சில வருடங்களாக இந்தக் காட்சி செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. யூதர்களின் நாடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இஸ்ரேலில், மதத்தை மிகக் கறாராகப் பின்பற்றும் ஹரேதி யூதர்களே கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுப்பது ஏன் என்ற கேள்வி பார்ப்பவர்களுக்கு எழுவது நியாயம்தான்.

கூட்டணி அரசியல் என்பது பாதி விடை. மீதி விடையைத் தேடினால் அரசியல்வாதிகளைத் தாண்டி, வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த சில ரபிகளிடம் போக வேண்டியிருக்கிறது. ஹரேதிகள் தங்கள் வாழ்க்கைமுறையை ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வருவது என்கிறார்கள். அதன் துண்டுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாயிரம் வயது, இன்னொன்றுக்கு இருநூறு வயது. சண்டைக்குக் காரணமான துண்டுக்கோ எண்பது வயதுகூட ஆகவில்லை.

முதலில் சில சொற்கள்

1. ஹரேதி: கடும் ஆசார யூதர். இஸ்ரேல் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒருவர். ஆன்மிகக் குருக்களின் பரம்பரைகளைப் பின்பற்றும் ஹசீதியர், படிப்பை மையமாகக் கொண்ட 'லிதுவேனியர்', மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்க வேர் உள்ள செஃபார்திகள் என்று இவர்களுக்குள் பெரும்பிரிவுகள் உண்டு.

2. தோரா: குறுகிய பொருளில் மோசேயின் ஐந்து நூல்கள். விரிந்த பொருளில் அவற்றிலிருந்து கிளைத்த சட்டமும் விளக்கமும் விவாதமும் எல்லாமே தோராதான்.

3. மிஷ்னா, தல்மூத்: வாய்மொழிச் சட்டங்களை கி.பி. 200 வாக்கில் ரபி யூதா ஹநாசி தொகுத்தது மிஷ்னா. அதன்மேல் நடந்த நீண்ட வாதப் பிரதிவாதம்தான் தல்மூத். பாபிலோனியத் தல்மூத் மட்டுமே 2,711 ஏடுகள்.

4. யெஷிவா: தல்மூத் படிக்கும் கல்லூரி. கல்யாணமான ஆண்கள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிப்பைத் தொடரும் இடம் கோலெல்.

5. ரபி: இவரைப் பூசாரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யூத மதத்தில் பலியிடும் ஆசாரியர் வேறு, சட்டம் அறிந்த ஆசான் வேறு. ரபி இரண்டாம் வகை.

ஆசாரியரின் இடத்துக்கு ஆசான் எப்படி வந்தார் என்பதில்தான் கதை தொடங்குகிறது.

யாவ்னே: கோயில் போனது, பள்ளி மிஞ்சியது

கி.பி. 70 வாக்கில் ரோமானியப் படை ஜெருசலேமை முற்றுகையிட்டிருந்தது. ஊருக்குள் யூதத் தீவிரவாதக் குழுக்கள் சரணடைவைப் பற்றிப் பேசுவோரை வெளியே விடவில்லை. அப்போது ரபான் யோகனான் பென் சக்காய் என்ற யூத அறிஞர் செத்துவிட்டதாகச் சொல்லி, அவரது சீடர்களே பாடை தூக்கி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்கிறது தல்மூத். வெளியே வந்தவர் ரோமானியத் தளபதி வெஸ்பாசியனைச் சந்தித்து, "நீ சக்கரவர்த்தி ஆகப் போகிறாய்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ரோமிலிருந்து அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. என்ன வேண்டும், கேள் என்றான் வெஸ்பாசியன். யோகனான் கேட்டது: "யாவ்னேயையும் அதன் அறிஞர்களையும் எனக்குக் கொடு."

இது நடந்தபடியே பதிவான வரலாறா, பின்னால் மெருகேற்றிய கதையா என்பது வேறு விஷயம். எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள். ஜெருசலேமை விட்டுவிடு என்று அவர் கேட்கவில்லை. பின்னால் வந்த ரபிகளே இதைக் குறையாகச் சொன்னதைத் தல்மூத் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. பெரியதைக் கேட்டால் சிறியதும் கிடைக்காது என்று அவர் நினைத்திருக்கலாம் என்ற சமாதானமும் கூடவே இருக்கிறது.

கோயில் எரிந்தது. பலியிடுவதற்கு இடமில்லை, ஆசாரியர்களுக்கு வேலையில்லை. யாவ்னே என்ற சிறிய ஊரில் கூடிய அறிஞர்கள் பிரார்த்தனையையும் படிப்பையும் மதத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அரசு, படை, தலைநகரம் எதுவும் இல்லாமல் ஒரு சமூகம் பிழைக்க முடியும் என்பதற்கு அன்றுமுதல் இதுதான் உதாரணம். படிப்புதான் நம்மைக் காப்பாற்றியது, வாள் காப்பாற்றவில்லை என்று ஒரு ஹரேதி இன்று சொன்னால் அவர் மனத்தில் இருப்பது யாவ்னே.

மைமோனிடிஸ்: இரு தரப்புக்கும் ஒரே சாட்சி

இனி வருபவர் கொஞ்சம் சங்கடமானவர். மைமோனிடிஸ் என்று அறியப்படும் மோசே பென் மைமோன் 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தார். அல்மொகாத் என்ற முஸ்லிம் வம்ச ஆட்சியின் கெடுபிடியில் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறி, மொராக்கோ வழியாகக் கடைசியில் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் குடியேறியது. ரத்தின வியாபாரம் செய்த தம்பி தாவீதின் வருமானத்தில்தான் வீடு நடந்தது, அண்ணன் எழுதினார். தாவீது இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அந்தத் துக்கத்தில் மைமோனிடிஸ் ஏறக்குறைய ஒரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்புறம் குடும்பத்தைக் காப்பாற்ற மருத்துவத் தொழிலுக்கு வந்து, சலாவுதீனின் அரசவை வரை போனார்.

அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது என்பதை அவரே ஒரு கடிதத்தில் சொல்கிறார். காலையில் ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் போக வேண்டும். மதியத்துக்குப் பிறகு பசியோடு வீடு திரும்பினால் முற்றம் முழுக்க நோயாளிகள் – யூதர், பிறமதத்தார், பெரிய மனிதர், எளியவர் எல்லாரும். கை கழுவிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வார். அந்தச் சாப்பாடுதான் அந்த நாளுக்கு. இரவு வரை வைத்தியம். களைப்பில் படுத்தபடியே மருந்து எழுதிக் கொடுப்பார்.

இந்த மனிதர்தான் யூதச் சட்டம் முழுவதையும் 14 பாகங்களில் ஒழுங்குபடுத்திய மிஷ்னே தோராவை எழுதினார். இன்றைய ராணுவச் சர்ச்சையில் அந்த ஒரே நூலிலிருந்து மூன்று இடங்கள் மேற்கோளாக வருகின்றன.

1. லேவி கோத்திரம் (பழைய இஸ்ரேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்று). விவசாயச் சட்டங்களின் பாகத்தை முடிக்கும் இடத்தில், லேவியர்களுக்கு ஏன் நிலம் கிடைக்கவில்லை என்று விளக்குகிறார்: கடவுளுக்கு ஊழியம் செய்யவும் மக்களுக்குக் கற்பிக்கவும் அவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள், மற்றவர்களைப் போல் போருக்குப் போவதில்லை. உடனே, லேவியர் மட்டும் இல்லை, மனம் தூண்டி உலகப் பாரத்தைக் கழற்றிவைத்துக் கடவுள்முன் நிற்கும் எவரும் அதேபோல் புனிதமாவார் என்கிறார். ஹரேதிகளின் முதல் ஆதாரம் இதுதான்.

2. தர்மத்தில் பிழைப்பு. தோரா படிப்பு பற்றிய சட்டங்களில், வேலை செய்யாமல் படிப்பதும் பிறர் கொடுப்பதில் வாழ்வதும் என்று முடிவெடுப்பவன் கடவுளின் பெயரையே களங்கப்படுத்துகிறான், தோராவை அவமதிக்கிறான், மதத்தின் ஒளியை அணைக்கிறான் என்று எழுதுகிறார். இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பின் முதல் ஆதாரம் இது.

3. கட்டளைப் போர். எதிரியிடமிருந்து மக்களைக் காக்கும் போர் இந்த வகையில் அடங்கும். அப்படிப்பட்ட போரில் எல்லாரும் புறப்பட வேண்டும். மணமகன் தன் அறையிலிருந்தும் மணமகள் தன் பந்தலிலிருந்தும்கூட. இது மிஷ்னாவிலிருந்தே வரும் விதி.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் முதலாவது பலவீனமான ஆதாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்தி 'உலகில் வாழும் எவரும்' என்று பேசுகிறது, அதாவது யூதரல்லாதவரும் அதில் அடக்கம். அப்படியிருக்க அதை ஒரு ராணுவ விலக்குச் சட்டமாகப் படிப்பது கஷ்டம். ஆனால் ஹரேதிகள் தனியாக மைமோனிடிஸை மட்டும் படிப்பதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் யோசேப் காரோ, மைமோனிடிஸின் இந்தக் கறாரை ஏற்காமல் நீண்ட மறுப்பு எழுதினார்: படிப்பவர்களை யாரும் தாங்காவிட்டால் படிப்பே அழிந்திருக்கும், முந்தைய தலைமுறைகளும் உதவி வாங்கித்தான் படித்தன என்பது அவர் வாதம். காரோ சாதாரண ஆள் இல்லை. 1565-இல் வெனிஸில் அச்சான, இன்றுவரை ஆசார யூதர்கள் அன்றாடம் பின்பற்றும் சட்டத்தொகுப்பான ஷுல்கான் அரூக் அவருடையது. ஆக, சட்டரீதியாகக் கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாக எத்தனை பேர் போவார்கள் என்பதுதான் பின்னால் பிரச்சினையானது.

வொலோஜின்: படிப்பு உலகத்தைத் தாங்குகிறது

18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இன்றைய உக்ரைனில் வாழ்ந்து 1760-இல் மறைந்த பால் ஷெம் தோவ், எளிய மனிதனின் பக்தியையும் மகிழ்ச்சியையும் முன்வைத்தார். அவரிடமிருந்து கிளைத்தவர்கள் ஹசீதியர். வில்னாவின் (இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ்) மேதை என்று பெயரெடுத்த ரபி எலியா (1720–1797) இவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1772-இல் வில்னா சமூகம் ஹசீதியரை விலக்கி வைத்தது. அந்தப் பகை இன்று ஆறிவிட்டது, பிரிவு மட்டும் இருக்கிறது.

நமக்கு முக்கியமானவர் வில்னா மேதையின் சீடர் ஹயீம். இவர் இன்றைய பெலாரூஸில் இருக்கும் வொலோஜினில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு யெஷிவா தொடங்கினார். அதுவரை ஏழை மாணவன் உள்ளூர்த் தொழுகைக்கூடத்தில் படித்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பிடுவான். ஹயீம் அதை மாற்றினார். ஊர் ஊராகத் தூதர்களை அனுப்பிப் பணம் திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். வொலோஜின் எந்த ஊர்ச் சமூகத்துக்கும் சொந்தமில்லாத தனி நிறுவனமானது. அங்கே முறைவைத்து இரவு பகல் விடாமல் படிப்பு நடந்தது.

விடாமல் நடந்ததற்கு இறையியல் காரணம் உண்டு. உலகத்தில் ஒரு கணம், எங்குமே ஒருவரும் தோரா படிக்கவில்லை என்றால் எல்லா உலகங்களும் அந்தக் கணமே இல்லாமல் போகும் என்று ஹயீம் எழுதினார். அறிவுக்காகவோ ஒழுக்கத்துக்காகவோ படிப்பது என்ற இடத்திலிருந்து, படிப்பதே பிரபஞ்சத்தை நிறுத்திவைக்கும் வேலை என்ற இடத்துக்கு இது வருகிறது. இன்று ஒரு யெஷிவா மாணவன் "படைவீரன் எல்லையைக் காக்கிறான், நான் இங்கே உட்கார்ந்து அவனையும் சேர்த்துக் காக்கிறேன்" என்று சொல்வதை வெளியார் சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவன் மனமார நம்பித்தான் சொல்கிறான். அந்த நம்பிக்கையின் ஊற்று வொலோஜின்.

இதே காலத்தில்தான் ராணுவத்தின் மேல் பயமும் படிந்தது. 1827-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் யூதர்களையும் கட்டாயப் படைச்சேவைக்குள் கொண்டுவந்தார். சேவைக்காலம் 25 வருடம். 12 வயதுச் சிறுவர்களையே பிடித்துக்கொண்டுபோய் படைப்பள்ளிகளில் போட்டார்கள், மதம் மாற்ற நெருக்கினார்கள். இத்தனை பேர் என்று குறித்த எண்ணிக்கைக்கு ஆள் கொடுக்க வேண்டிய பொறுப்பு யூதச் சமூகத் தலைவர்களுடையது என்பதால் ஆள்பிடிகாரர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துத் தூக்கினார்கள். பையன் படைக்குப் போனால் யூதனாகத் திரும்ப மாட்டான் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. இஸ்ரேல் ராணுவத்தில் கோஷர் (மதவிதிப்படியான) சாப்பாடும் ரபியும் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை.

ஹங்கேரிப் பக்கம் இன்னொரு சுவர் எழுந்தது. யூதர்கள் ஐரோப்பியக் கல்வியையும் மொழியையும் ஏற்கலாம் என்று பெர்லினில் மோசஸ் மெண்டல்சோன் (1729–1786) காட்டிய வழிக்கு எதிராக, ப்ரெஸ்பர்க்கில் – இன்றைய பிராத்திஸ்லாவா – ரபி மோசஸ் சோஃபர் (1762–1839) 'புதியது தோராவால் தடுக்கப்பட்டது' என்ற முழக்கத்தை வைத்தார். உடை, மொழி, பெயர் என எதிலும் விட்டுக்கொடுக்காத ஹரேதி பிடிவாதத்துக்கு அவர்தான் இலக்கணம் வகுத்தார்.

1948: நானூறு பேர்

நாஜிகள் இந்த உலகத்தை ஏறக்குறையத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். வில்னா, வார்சா, யெஷிவா ஊர்கள் எல்லாம் போயின. இஸ்ரேல் உருவான 1948-இல் ரபிகள் முதல் பிரதமர் டேவிட் பென் குரியனிடம் வைத்த கோரிக்கையின் பின்னணி இது: மிச்சம் இருக்கும் சில நூறு மாணவர்களையும் போருக்கு அனுப்பினால் தோரா படிப்பே முடிந்துவிடும். அவர் ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 400 பேருக்கு விலக்கு. 'தோராவே இவர்கள் தொழில்' என்பது அதற்கான நிர்வாகப் பெயர். சட்டம் போடவில்லை, உத்தரவோடு சரி.

1952 அக்டோபரில் பென் குரியன் ப்னேய் ப்ராக்கில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் ரபி அவ்ராஹாம் யெஷாயா கரெலிட்ஸ் (1878–1953). எந்தப் பதவியும் இல்லாதவர், தன் நூலின் பெயரால் ஹசோன் ஈஷ் என்று அழைக்கப்பட்டவர். பெண்களுக்குத் தேசியச் சேவை என்ற திட்டம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. மதவாதிகளும் மதமில்லாதவர்களும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று பிரதமர் கேட்டார். ஹசோன் ஈஷ் தல்மூதின் ஒரு விதியைச் சொன்னார்: குறுகிய வழியில் எதிரெதிரே இரண்டு ஒட்டகங்கள் வந்தால், சுமையில்லாத ஒட்டகம் சுமையோடு வருவதற்கு வழிவிட வேண்டும். நாங்கள் கட்டளைகளின் சுமையோடு வருகிறோம், நீங்கள் ஒதுங்குங்கள் என்பது பொருள். பென் குரியனுக்குச் சுருக்கென்றது. நாட்டைக் கட்டுவதும் எல்லையில் உயிரைக் காப்பதும் சுமை இல்லையா, கட்டளை இல்லையா என்று திருப்பிக் கேட்டார். உடன் போயிருந்த செயலாளர் இட்ஸாக் நவோன், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர், இந்த உரையாடலைப் பதிவு செய்தார். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் விவாதம் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை.

அதன்பின் ஹசோன் ஈஷின் ப்னேய் ப்ராக்கில் நடந்ததுதான் முற்றிலும் புதியது. வொலோஜினில்கூடப் படித்தவன் ஒருநாள் வெளியே போய் ரபியாகவோ வியாபாரியாகவோ ஆனான். தலைமுறை முழுக்க, திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஆண்களும் கல்யாணத்துக்குப் பிறகும் கோலெலில் படித்துக்கொண்டே இருப்பது என்பது எந்த நூற்றாண்டிலும் இருந்ததில்லை. இதைச் சாத்தியமாக்கியதில் ஒரு தையற்காரிக்கும் பங்கு உண்டு. சாரா ஷெனிரர் 1917-இல் கிராக்கோவில் ஆசார வீட்டுப் பெண்களுக்காக பேஸ் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கு முறையான மதக் கல்வியே கிடையாது என்ற காலம் அது. அவருடைய பள்ளிகளின் வழிவந்த பெண்கள்தான், பின்னாளில் இஸ்ரேலில் சம்பாதித்துக் கணவன் படிப்பதைப் பெருமையாக ஏற்றார்கள். மீதியை அரசு மானியம் பார்த்துக்கொண்டது. 'ஆண்களின் படிப்புலகம்' என்று பேசும் கட்டுரைகள் சாராவை விட்டுவிடுவது பெரிய குறை.

இன்னும் மூன்று பதில்கள்

எல்லா ஆசார யூதர்களும் ராணுவத்தை மறுப்பதில்லை என்பதும் செய்திகளில் நழுவிவிடுகிறது.

1. ரபி அவ்ராஹாம் இட்ஸாக் குக் (1865–1935): பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின்போது முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வேருள்ள யூதர்) தலைமை ரபி. கடவுளை நம்பாத, யூதர்களுக்கென்று நாடு கட்டும் சியோனிச இயக்கத்தின் தொழிலாளிகூடத் தனக்கே தெரியாமல் புனித வேலை செய்கிறான் என்றார். அவர் மகன் ஸ்வி யெகூதா இதை இன்னும் நீட்டி, அரசையும் ராணுவத்தையும் மேற்குக்கரைக் குடியேற்றத்தையும் மதக்கடமையாக்கினார். இவர்களின் வழியில் வந்தவர்கள் படிப்பையும் படைச்சேவையையும் இணைக்கும் ஹெஸ்தெர் யெஷிவாக்களில் சேர்கிறார்கள். காஸா போரில் இவர்கள் பெருமளவில் இறந்தார்கள். ஹரேதிகள்மேல் இப்போது அதிகக் கோபம் இந்தத் தரப்பிலிருந்துதான் வருகிறது.

2. ரபி யோயெல் தெய்தெல்பாம் (1887–1979), சத்மார் ஹசீதியரின் குரு: மேசியா வருமுன் யூத அரசு அமைப்பதே பாவம் என்றார். அவருடைய ஆட்கள் அரசின் பணத்தையும் தொட மாட்டார்கள். நிலைப்பாடு பிடிக்கிறதோ இல்லையோ, முரண்பாடு இல்லாதது.

3. ரபி ஓவாதியா யோசேப் (1920–2013): பாக்தாதில் பிறந்து செஃபார்தித் தலைமை ரபியானவர், 1984-இல் உருவான செஃபார்தி ஹரேதிகளின் ஷாஸ் கட்சியின் ஆன்மிகத் தலைவர். செஃபார்தி மரபில் படிப்பும் தொழிலும் சேர்ந்தே போயின, மைமோனிடிஸே சாட்சி. ஆனாலும் ஷாஸ் லிதுவேனிய பாணி யெஷிவாவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அவர் மகன் இட்ஸாக் யோசேப் 2024 மார்ச்சில், கட்டாயப்படுத்தினால் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய்விடுவோம் என்று சொன்னது நினைவிருக்கலாம்.

சட்டம் வந்த வழி

1968: விலக்கு வருடத்துக்கு 800 பேர் என்று வரம்பு. 1977: பிரதமர் மெனாஹெம் பெகினின் ஆட்சிக்கு ஹரேதிக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது, வரம்பு போனது. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது இங்கேதான்.

1998: இவ்வளவு பெரிய விலக்கை அமைச்சரின் உத்தரவால் தர முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2002-இல் சட்டம் வந்தது, 2012-இல் ரத்தானது. 2014-இல் திருத்தம், 2017-இல் அதுவும் ரத்து. சமத்துவம் இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் காரணம். அப்புறம் கால நீட்டிப்புகளிலேயே வண்டி ஓடியது.

2024 ஜூன் 25: விலக்குக்குச் சட்ட அடிப்படை எதுவும் மிச்சமில்லை, மற்றவர்களைப் போலவே ஹரேதிகளையும் அழைக்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சேராத மாணவர்களுக்காக யெஷிவாக்களுக்குப் போகும் அரசுப் பணத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். தீர்ப்பில் பேசப்பட்ட மாணவர்கள் ஏறக்குறைய 63,000 பேர். 1948-இல் 400.

அரபுக் குடிமக்களில் பெரும்பாலோருக்கும் அழைப்பு கிடையாது (அரபு பேசும் தனி மதச் சிறுபான்மையான த்ரூஸ் ஆண்கள் 1956 முதல் விதிவிலக்கு), பிறகு ஹரேதிகளை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்ற வாதமும் உண்டு. 2023 அக்டோபர் 7-இல் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு அது எடுபடவில்லை. சேமப்படை (ரிசர்வ்) வீரர்கள் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு மூன்றாம் முறை, நான்காம் முறை போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் போதவில்லை என்று ராணுவமே வெளிப்படையாகச் சொன்னது.

ஏன் முடிச்சு அவிழவில்லை

ராணுவம் இறங்கி வராமல் இல்லை. ஹரேதிகளுக்கென்று 1999-இலேயே ஒரு படையணி தொடங்கியது. 2025 ஜனவரியில் ஹஷ்மோனாயீம் என்ற புதிய பிரிவுக்கு முதல் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் இல்லாத முகாம், கறாரான கோஷர், தினப்படிப்புக்கு நேரம் எல்லாம் உண்டு. வந்தவர்கள் குறைவு. படிக்காமல் சும்மா சுற்றும் ஹரேதி இளைஞனையாவது அனுப்புங்கள் என்று கேட்டாலும் ரபிகள் தயங்குகிறார்கள். பத்தொன்பது வயதில் வெளியுலகைப் பார்த்தவன் திரும்பி வருவானா என்ற சந்தேகம்தான். படிப்பைக் காப்பது என்ற வாதத்துக்குப் பின்னால், வேலியைக் காப்பது என்ற வாதம் இருக்கிறது. மைமோனிடிஸ் இதற்கு உதவ மாட்டார், சோஃபர் உதவுவார்.

யெஷிவாக்களுக்கு அரசுப் பணம் நின்றதும் அமெரிக்காவில் நன்கொடை திரட்டல் நடந்தது. குழந்தைகள் காப்பக மானியம் சிக்கலானதும் சுமை சம்பாதிக்கும் பெண்கள்மேல் விழுந்தது. விலக்குக்குப் புதிய சட்டம் வராததால் 2025 ஜூலையில் ஹரேதிக் கட்சியான ஐக்கிய தோரா யூதக் கட்சி கூட்டணியைவிட்டு வெளியேறியது, ஷாஸ் அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். லிதுவேனிய அணிக்கு வெளியேறும் உத்தரவைக் கொடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் யாரும் இல்லை. ப்னேய் ப்ராக்கில் ஸ்லபோத்கா யெஷிவாவை நடத்தும், தொண்ணூறு வயதைத் தாண்டிய ரபி டோவ் லாண்டோ. ராணுவ விலக்கு மசோதாவின் ஒவ்வொரு வரைவும் நாடாளுமன்றக் குழுவைத் திருப்திப்படுத்தினால் மட்டும் போதாது. அந்த யெஷிவாவுக்கும் போய்வர வேண்டும்.